ஏரிக்கரையில் மூன்று இரும்புத் தூண்கள்

எங்கள் ஊர் ஏரிக்கரையில் நடைபாதை போடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது என்னைவிடச் சந்தோஷப்பட்டவர்கள் ஊரில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் இருக்கிற ஊர். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடுகிற ரோட்டுக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு, அந்தப் பக்கம் ஏரி. ஐப்பசி மழையில் ஏரி நிரம்பினால் நாரைகள் வந்து இறங்கும். எங்கள் சமையலறை ஜன்னலில் இருந்து பார்த்தால் கரை மட்டும்தான் தெரியும். கரைக்கு மேலே பறவைகள் வட்டமடிப்பது தெரியும், தண்ணீரில் இறங்குவது தெரியாது.

பதினோரு வருஷம் அப்படி ஜன்னல் வழியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் தினமும் விடியற்காலையில் கரைமேல் நடந்தவள் நான். வேப்பந்தட்டையில் இருந்து கல்யாணமாகி வந்த புதிதில் இந்த ஊரில் எனக்குப் பிடித்திருந்த ஒரே விஷயம் அந்தக் கரைதான். பிறகு ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு ஸ்கூட்டியில் வரும்போது லாரி ஒன்று உரசித் தூக்கிப் போட்டது. முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து வீல்சேரில் மறுபடி வேலைக்குப் போனேன். இப்போதும் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். போர்டின் கீழ்ப்பாதியில் மட்டும்தான் எழுதுவேன். பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது.

நான் கோபக்காரி என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. லாரிக்காரன் மேல் இருந்த கோபம் எப்போதோ ஆறிவிட்டது. ஊர்க்காரர்கள் சொல்வது இந்த நடைபாதைக் கோபத்தை.

பாதை வேலை முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் என்னைத் தள்ளிக்கொண்டு போனார். அவர் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். அதிகம் பேச மாட்டார். ரோட்டைக் கடந்து கரையடிக்குப் போய்ச் சேர்ந்தோம். முன்பு அங்கே மாட்டுவண்டி ஏறுகிற மண்சரிவு ஒன்று இருக்கும். கல்லும் மேடும் பள்ளமுமாக, வீல்சேருக்கு ஆகாது. ஆனாலும் சரிவு. அதை வெட்டி எடுத்துவிட்டு எட்டுப் படி கட்டியிருந்தார்கள். பளபளவென்று ஸ்டீல் கைப்பிடி வேறு.

அவர் படியைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

மேலே நின்றிருந்த வாட்ச்மேன் எங்களைப் பார்த்துச் சந்தோஷமாகக் குரல் கொடுத்தார். "வாங்க டீச்சரம்மா! படி போட்டாச்சு. இனிமே ஏறுறது சுலபம்!"

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னார். அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது. கேலி செய்திருந்தால் திட்டிவிட்டாவது வந்திருப்பேன்.

திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்தேன். எளிமையான மனுதான். படிக்குப் பக்கத்திலேயே ஒரு சாய்வுதளம் வேண்டும், ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும், கரை நாலு அடி உயரம் என்பதால் நாற்பத்தெட்டு அடி நீளம் வரும் என்று கணக்கும் எழுதி, படமும் வரைந்து கொடுத்தேன். வாங்கியவர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். "டிராயிங்கே போட்டுட்டீங்களே மேடம்" என்றார்.

மாதங்கள் போயின. ஒருநாள் தபாலில் கடிதம் வந்தது. தங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டு நிறைவேற்றப்பட்டது என்று இருந்தது. எனக்கு அப்போது பள்ளிக்கூடத்தில் பரீட்சை நேரம். விடைத்தாள் கட்டுகளோடு போராடிக்கொண்டிருந்ததில் போய்ப் பார்க்கவில்லை. அடுத்த வாரமே ஆபீசிலிருந்து ஒரு ஆள் வீட்டுக்கு வந்து, சாய்வுதளத் திறப்பு விழா வைத்திருக்கிறோம், மனுக் கொடுத்தவர் என்ற முறையில் நீங்கள்தான் முதலில் ஏற வேண்டும், கட்டாயம் வாருங்கள் என்று அழைத்துவிட்டுப் போனார்.

வாடாமல்லி நிறத்தில் ஒரு பட்டுப்புடவை இருந்தது. அதைக் கட்டிக்கொண்டு போனேன். இதை எழுதும்போதும் அந்தப் புடவையை நினைத்தால் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

பந்தல், நாற்காலிகள், மைக், பொன்னாடை எல்லாம் இருந்தன. சாய்வுதளமும் இருந்தது. மஞ்சளும் நீலமுமாகப் பெயிண்ட் அடித்து, நடுவில் வீல்சேர் படம் வரைந்து, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. நீளம் பத்து அடி. நாற்பத்தெட்டு கேட்ட இடத்தில் பத்து. சிறு பிள்ளைகள் சறுக்கி விளையாடலாம். அதோடு போனாலும் பரவாயில்லை. சாய்வுதளம் கட்டிய மறுநாளே பைக்குகள் அதில் ஏறிக் கரைமேல் பறக்க ஆரம்பித்துவிட்டனவாம். அதைத் தடுக்க, திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் சாய்வுதளம் முடிகிற இடத்தில் மூன்று இரும்புத் தூண்களை நட்டிருந்தார்கள். தூணுக்கும் தூணுக்கும் நடுவில் இரண்டு அடி. என் வீல்சேரின் அகலம் இருபத்தாறு அங்குலம்.

என் வீட்டுக்காரர் வாய் திறந்தார். "இரண்டு அங்குலம் பத்தாது."

விழாவை நடத்துகிறவரிடம் சொன்னேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அதெல்லாம் ஒண்ணும் பிரச்சினை இல்ல மேடம். நம்ம ஆளுங்க நாலு பேர் இருக்காங்க. சேரோட அப்படியே தூக்கி மேல வச்சுடுவாங்க. போட்டோ எடுத்ததும் எறக்கிடுவாங்க."

"தூக்கிட்டுத்தான் போகணும்னா இதை எதுக்குங்க கட்டினீங்க?"

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும் மேடம். எல்லாரும் வந்துட்டாங்க."

தூக்குவது என்றால் என்ன என்று தூக்கப்பட்டவர்களுக்குத்தான் தெரியும். கல்யாண மண்டபத்தில் மேடைக்குத் தூக்கியிருக்கிறார்கள். ஓட்டுப் போட வாசல்படி தாண்டித் தூக்கியிருக்கிறார்கள். முன்பின் தெரியாத ஆம்பளைகள் நாலு பேர் குனிந்து பிடிப்பார்கள். ஒருவர் சக்கரத்தைப் பிடிப்பார், அது சுழலும். சேர் ஒரு பக்கம் சாயும். புடவை ஏறும், இழுத்துவிட ஒரு கை வேண்டும், விழாமல் பிடித்துக்கொள்ள இரண்டு கை வேண்டும். எனக்கு மொத்தமே இரண்டு கைதான். மேலே போய்ச் சேர்ந்ததும் எல்லோரும் கைதட்டுவார்கள், நான் என்னவோ சாதித்துவிட்ட மாதிரி. தூக்கியவர்களுக்கு நான் நன்றி சொல்லிச் சிரிக்க வேண்டும்.

"வேண்டாங்க. நாங்க போயிட்டு வரோம்" என்றேன்.

"மேடம், பொன்னாடையாவது..."

வீட்டுக்காரர் சேரைத் திருப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து புடவையை மாற்றிக்கொண்டு, இரண்டு படி வெங்காயம் உரித்தேன். எங்கள் பக்கம் சின்ன வெங்காயத்துக்குப் பஞ்சமில்லை. அழுவதற்கும் அது வசதி.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் இதைக் கேட்டுச் சத்தமாகச் சிரித்த ஒரே ஆள் எங்கள் சமூக அறிவியல் சார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். வரதராஜன்பேட்டைப் பக்கத்துக்காரர். குச்சியைத் தட்டிக்கொண்டு பஸ் மாறி வந்து, எங்கள் எல்லோருக்கும் முன்னால் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

"சிரிக்காதீங்க சார்."

"பின்ன என்ன டீச்சர்? உங்களுக்குன்னு கட்டின பாதையில உங்களைத் தவிர எல்லாரும் போறாங்க. சரி, வர ஞாயித்துக்கிழமை நான் வரேன். எனக்கு அந்தப் பாதை எப்படி இருக்குன்னு பார்ப்போம்."

வந்தார். நானும் வீட்டுக்காரரும் கீழே இருந்தோம். அவர் சாய்வுதளத்தில் ஏறி, தூண்களைக் குச்சியால் தட்டிப் பார்த்து, நடுவில் நுழைந்து பாதையில் நடந்தார். இருபது எட்டு எடுத்து வைத்திருப்பார். குச்சி தண்ணீர்ப் பக்கமாகப் போய்ச் சட்டென்று ஒன்றுமில்லாமல் தொங்கியது. "சார்! நில்லுங்க!" என்று கத்தினேன். வாட்ச்மேன் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்தார். இன்னும் ஒரு எட்டு வைத்திருந்தால் சரிவில் உருண்டு தண்ணீருக்குப் போயிருப்பார்.

கீழே இறங்கி வந்தவருக்கு முகம் வெளுத்திருந்தது. சிரிப்பெல்லாம் போய்விட்டது. "விளிம்பே இல்ல டீச்சர். பாதை எங்க முடியுதுன்னு குச்சிக்கு எப்படித் தெரியும்? ரெண்டு பக்கமும் ஆறு அங்குலம் உசரத்துக்கு சிமெண்ட் கட்டை வேணும்."

"ரெண்டு பக்கமும் கட்டை வச்சா எதிர்ல ஆள் வந்தா நான் எங்க சார் ஒதுங்குவேன்? எனக்குச் சமமா இருக்கணும்."

"உங்களுக்குச் சமமா இருந்தா நான் ஏரியில இருப்பேன்."

"கட்டை வச்சா நான் மாட்டிக்குவேன்."

அரை மணி நேரம் சண்டை போட்டோம். பாதை போட்டவர்களை விட்டுவிட்டு நாங்கள் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்துகொண்டிருந்ததை வாட்ச்மேன் வாய் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் என் வீட்டுக்காரர்தான், "தண்ணிப் பக்கம் மட்டும் கட்டை வையுங்க. ரோட்டுப் பக்கம் சமமா விடுங்க" என்றார். அவர் சொல்லி முடித்ததும் எங்கள் இருவருக்கும் வெட்கமாகப் போய்விட்டது. பத்து வருஷமாக ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறோம். அவருக்கு ஒரு விளிம்பு எவ்வளவு முக்கியம் என்று நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. எட்டுப் படியைக் கட்டியவர்களும் என்னைப் பற்றி அப்படித்தான் நினைக்காமல் இருந்திருப்பார்கள். இது எனக்குப் பிடித்த எண்ணமில்லை. ஆனால் வந்துவிட்டது.

இரண்டாவது மனுவை அவர் கம்ப்யூட்டரில் அடித்தார். நான் படம் போட்டேன். இருவரும் கையெழுத்துப் போட்டோம். ஒன்று, நாற்பத்தெட்டு அடி சாய்வுதளம். இரண்டு, நடுத்தூணை எடுக்க வேண்டும். மூன்று, தண்ணீர்ப் பக்கம் கட்டை.

இந்தத் தடவை இடத்தைப் பார்க்க ஒரு பெண் இன்ஜினியர் வந்தார். புதிதாக மாற்றலாகி வந்தவர். ஏழு மாத வயிறு. பைலை அணைத்துக்கொண்டு பத்தடிச் சாய்வுதளத்தில் ஏறத் தொடங்கினார். பாதியிலேயே நின்று ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். தூணைப் பிடித்து மேலே போய்ச் சேர்ந்தபோது மூச்சு வாங்கியது.

"டீச்சர், என்னாலயே ஏற முடியலைங்க" என்றார்.

அவர் டேப்பை எடுத்துத் தானே அளந்தார். என்னைச் சேரோடு தரையில் திரும்பச் சொல்லி, திரும்ப எவ்வளவு இடம் வேண்டும் என்று சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டார். சாரிடம் குச்சியை வாங்கி, எந்த உயரத்தில் கட்டை இருந்தால் தட்டுப்படும் என்று கேட்டார். வேலைக்காரர்கள் முன்னாலும் எங்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் செய்தார். அப்படி ஒருவர் கேட்டது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை.

வேலை ஆரம்பித்தது. பழைய சாய்வுதளத்தை உடைத்து, நடுவில் ஒரு திருப்பம் வைத்து நீளமாகக் கட்டினார்கள். நடுத்தூணைப் பிடுங்கினார்கள். தண்ணீர்ப் பக்கக் கட்டை வேலை தொடங்கி மதகு வரைக்கும் போயிருந்தபோது இன்ஜினியர் பிரசவ லீவில் போய்விட்டார். அவரோடு வேலையும் லீவில் போய்விட்டது. அவர் இடத்துக்கு வந்தவருக்கு மதகுக்கு அந்தப் பக்கம் ஒரு பாதை இருக்கிறது என்பதே தெரியாது. கேட்டால், "பைல்ல மதகு வரைக்கும்தான் இருக்குங்க" என்றார்.

இருந்தாலும் போனேன். அடுத்த மழைக்காலம் முடிந்து ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரரைப் பின்னால் வரச் சொல்லிவிட்டு நானே சக்கரத்தைத் தள்ளி ஏறினேன். திருப்பத்தில் ஒரு நிமிஷம் நின்று கையை உதறிக்கொண்டு மறுபடி தள்ளினேன். மேலே ஏறியதும் தண்ணீரில் இருந்து வந்த காற்று முகத்தில் அடித்தது. நத்தைகுத்தி நாரைகள் கருவேல மரங்களில் உட்கார்ந்திருந்தன. ஒன்று சிறகை விரித்துச் சரிந்து வந்து, காலை நீட்டி, தண்ணீரில் இறங்கி நின்றது. ஜன்னலில் இருந்து அதைத்தான் பார்க்க முடிந்ததில்லை. வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். நான் அழுதேன் என்று அவர் சொல்கிறார். காற்றில் கண் கலங்கியது என்று நான் சொல்கிறேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் கோபக்காரி என்ற பேச்சும் முடிந்திருக்கும்.

நடுத்தூண் போனதும் பைக்குகள் திரும்பி வந்துவிட்டன. காலையில் நடக்க வருகிறவர்கள் பைக்கை ஓட்டுகிறவனைத் திட்டவில்லை. என்னிடம் வந்தார்கள். கழுத்தில் துண்டு போட்டுக்கொண்டு கையை வீசி நடக்கிற ஒருவர் நேராகவே சொன்னார்: "டீச்சர், உங்களாலதான் இவ்வளவு பைக் வருது. ஒருத்தருக்காகப் பார்த்தா ஊருக்கே கஷ்டம்."

"நான் பைக் ஓட்டலைங்க."

"தூணை எடுக்கச் சொன்னது நீங்கதானே?"

அந்த ஆள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு பைக் எங்களை ஒட்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ஓட்டியவனை அவர் பெயர் சொல்லி, "பார்த்துப் போப்பா" என்றார். அண்ணன் மகனாம்.

புகார் போனது. தீர்வும் வந்தது. நடுத்தூணைத் திரும்ப நட்டார்கள். இந்தத் தடவை கழற்றக்கூடிய தூண், அடியில் ஒரு பூட்டு. சாவி வாட்ச்மேனிடம். அந்தச் சமயம்தான் ஞாயிற்றுக்கிழமை வாட்ச்மேனுக்கு லீவு என்று ஆக்கியிருந்தார்கள். எனக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் லீவு.

வாட்ச்மேன் நல்ல மனுஷன். ஒருநாள் வீட்டுக்கே வந்து, "இந்தாங்க டீச்சரம்மா, உங்களுக்குன்னு ஒரு சாவி போட்டுக்கிட்டு வந்துட்டேன்" என்று கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்றைக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஒரு மாதம் நானே திறந்து, நானே பூட்டிக்கொண்டு வந்தேன்.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை அவரே சொன்னார். முந்தின நாள் கரையடியில் இருக்கிற டீக்கடைக்காரர் பார்த்தாராம். பாடாலூர்ப் பக்கம் இருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த ஒரு அம்மா. ஒரு பக்கம் கை கால் விழுந்தவர். மகள் வீல்சேரில் வைத்துச் சாய்வுதளம் முழுக்கத் தள்ளி ஏறி வந்திருக்கிறாள். தூணுக்கு முன்னால் வந்து நின்று, பூட்டை இழுத்துப் பார்த்திருக்கிறாள். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள். அந்த நேரத்தில் நான் ரோட்டுக்கு இந்தப் பக்கம், கைப்பையில் சாவியோடு, வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்திருப்பேன்.

அன்றைக்கு வந்த ஆத்திரத்தில் பாதி என்மேல்தான். எனக்கு ஒரு சாவி கிடைத்ததும் வாயை மூடிக்கொண்டேன் அல்லவா?

சாயங்காலமே சாவியைக் கொண்டுபோய் டீக்கடையில் ஆணி அடித்துத் தொங்கவிட்டேன். தூணுக்குப் பக்கத்தில் "சாவி டீக்கடையில்" என்று வீட்டுக்காரர் ஒரு தகரத்தில் எழுதிக் கட்டினார். வாட்ச்மேனிடம் பேசியதில், அவர் இருக்கிற நாளில் காலையும் மாலையும் தூணைக் கழற்றிவைத்துவிட்டு, பைக் வந்தால் தானே மறிப்பதாக ஒத்துக்கொண்டார். மறிக்கவும் செய்கிறார். ஒருமுறை அந்த அண்ணன் மகனையே இறங்கித் தள்ளிக்கொண்டு போக வைத்தார். வீல்சேரை விட்டு பைக்கை மட்டும் தடுக்கிற தூணை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதற்கு ஒரு ஆள் நிற்க வேண்டும். இதை மூன்றாவது மனுவில் ஒரு வரியில் எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு ஆள் போடுங்கள் என்று. ரசீது வந்திருக்கிறது. பதில் வரவில்லை.

பாடாலூர் அம்மா திரும்ப வரவே இல்லை. டீக்கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

போன வாரம் சாரும் நானும் மதகுவரை போனோம். அவருக்குப் பறவைகள்மேல் பெரிய ஆர்வமெல்லாம் கிடையாது. காற்று வாங்கவும் சத்தமாகப் பேசவும்தான் வருகிறார். குச்சி கட்டையைத் தட்டிக்கொண்டே வர, நான் இந்தப் பக்கம் உருட்டிக்கொண்டு போனேன். மதகில் ஐந்து படி ஏறி இறங்க வேண்டும். அங்கே கட்டையும் முடிந்துவிடுகிறது. இருவரும் ஒரே இடத்தில் நின்றோம். கையை வீசி நடக்கிறவர் எங்களைத் தாண்டிப் படியேறிப் போனார். போகிற போக்கில், "இவ்வளவு தூரம் வர்றதே பெரிய விஷயம் டீச்சர்" என்று பாராட்டினார்.

சார் என் பக்கம் திரும்பினார். "பதில் சொல்லாதீங்க டீச்சர். பிரஷர் ஏறும்."

நான் பதில் சொன்னேன். கையை வீசி நடக்கிறவர் அதற்குள் மதகைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தார்.